கூடுதலாக ஒரு ‘ச்’

2008 மலேசியப் பொதுத்தேர்தலின்போது பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய அச்சகத்தில் தமிழ்த் தட்டச்சு வேலை பார்த்தேன். வேட்புமனுத் தாக்கல் பிப்ரவரி 24, வாக்களிப்பு மார்ச் 8. இடைப்பட்ட நாட்களில் வீட்டில் தூங்கியது குறைவு.

பிரசாரத் தாள் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். 1954 தேர்தல் குற்றச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாளின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு வரி, அவ்வளவுதான்.

ஒருநாள் இரவு வேட்பாளர் ஒருவரின் ஆள் வந்தார். “அடி வரி மட்டும் வேணாம்ணே” என்றார் முதலாளியிடம். எதிர் வேட்பாளர் கோயில் பணத்தைச் சுருட்டிவிட்டாராம். ஆதாரம் கேட்டதற்கு, “ஊரே பேசுதே!” முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் தலையாட்டினார். நானும் அடித்துக் கொடுத்தேன். மலாயில் சூராட் லாயாங், நமக்கு மொட்டைக் கடுதாசி.

இரண்டு நாள் கழித்து அதே வேட்பாளருக்கு இன்னொரு தாள். அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாதது, அதற்காக அவர் எழுதிய கடிதங்கள், தேதியோடு. அத்தனையும் உண்மை. அந்த லிஃப்ட் ஓடாமல் நான் ஒன்பது மாடி ஏறியவன். இதில் எங்கள் முகவரி ஒழுங்காக இருந்தது.

மறுநாள் காலை சாலையோர ஒட்டுக்கடையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். “தம்பி, இங்க வாங்க” என்று கூப்பிட்டு, சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். ‘முயற்ச்சி’. இரண்டிலும் அதே கூடுதல் ‘ச்’. என் விரலுக்குச் சிறுவயதிலிருந்தே உள்ள வியாதி அது.

“ரெண்டும் ஒரே இடத்துல அடிச்சது. அது புளுகுன்னா, இந்த லிஃப்ட் கதை மட்டும் என்ன?”

லிஃப்ட் கதை உண்மை என்று என்னால் சொல்லியிருக்க முடியும். சொன்னால், ‘முயற்ச்சி’ யாருடையது என்றும் சொல்ல வேண்டி வரும். பேசாமல் தே தாரேக்கை, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரை, குடித்தேன்.

எதிராளியைத் தாக்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பதவியில் இருந்தபோது என்ன செய்தார் என்று தேதி போட்டுக் கேட்டால் வாக்காளருக்கு அது உதவும். ஆனால் அந்தப் புளுகு எதிராளியை எவ்வளவு கடித்ததோ தெரியாது, எங்கள் சொந்த உண்மையைக் கடித்ததை நேரில் பார்த்தேன். ஏற்கெனவே மார்ச் 4 அன்று அழியா மைத் திட்டத்தையும் ரத்து செய்திருந்தார்கள். யாரை நம்புவது என்று ஜனங்கள் குழம்பியிருந்த வாரம் அது.

முடிவை வைத்து இதை அளக்க முடியாது. பினாங்கில் 40 சட்டமன்றத் தொகுதிகளில் 29 எதிரணிக்குப் போயின. அந்த அலையில் ஒரு துண்டறிக்கை எந்த மூலைக்கு?

அப்புறம், அந்த மொட்டைத் தாளுக்கான காசு கடைசிவரை வரவில்லை. முதலாளி பில் போட உட்கார்ந்தார். யார் பெயருக்குப் போடுவது என்று என்னிடம்தான் கேட்டார்.