அப்பாவின் மைனருக்குப் புதுக் கால்கள்

2024 ஜனவரி 21

தைப்பொங்கல் முடிந்து ஒரு வாரம். இன்று வண்டியை மரக்குற்றிகளில் ஏற்றி நாலு சில்லுகளையும் கழற்றிவிட்டோம். 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார். 948 சிசி, 37 குதிரைவலு, சிறி எழுத்துள்ள பழைய நம்பர். அப்பப்பா வாங்கியது, அப்பா ஓடியது, இப்போது கொக்குவில் வீட்டு முற்றத்தில் என் பொறுப்பில் நிற்கிறது.

அப்பாவுக்கு ஒரே ஆசைதான். இந்த வண்டியிலேயே வவுனியாவுக்குப் போய் மாமியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். போன வருடம் பளை வரை போய்த் திரும்பினோம். வவுனியாவுக்குப் போகும் ஏ9 வீதியில் பஸ்கள் மணிக்கு 90 கிலோமீற்றரில் பின்னால் வந்து ஹோன் அடிக்கின்றன. மைனர் 80இல் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,300 சுற்றுச் சுற்றிக் கத்துகிறது. அதைவிடப் பயம், பிறேக்கை அழுத்தினால் எப்போது நிற்கும் என்று தெரியாது.

கராஜ் அண்ணை எஞ்சினிலிருந்து தொடங்கலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன். முதலில் நிற்க வேண்டும், பிறகு வளைய வேண்டும், கடைசியில்தான் ஓட வேண்டும். வேலை இந்த ஒழுங்கில்தான் நடக்கும். கழற்றும் ஒவ்வொரு சாமானும் எண்ணெய் பூசிப் பெயர் எழுதிப் பெட்டிக்குள் போகும். நாளைக்கு என் மகள் இதைப் பழையபடி ஆக்க விரும்பினால் ஒரு நட்டுக்கூடக் குறையக் கூடாது.

2024 பெப்ரவரி 4

முழு நாளும் ஒரே ஒரு சாமானில் போனது. மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் பிறேக் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் உருளை, சாரதியின் காலடியில், சட்டத்தின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை இழுத்தால் வெளியே வராது, முன் சில்லுக்கு ஸ்பிறிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். ஆக, பிறேக் பார்க்கப் போனவன் முன் சஸ்பென்சனையே தளர்த்த வேண்டியதாயிற்று. உள்ளே றப்பர் எல்லாம் களியாகியிருந்தது.

இனி அது அங்கே இருக்காது. எஞ்சின் பக்கத்துச் சுவரில் இரண்டு சுற்றுள்ள ஜப்பான் மாஸ்ரர் சிலிண்டரைப் பூட்டி, தொங்கும் பெடல் வைக்கப் போகிறோம். ஒரு சுற்றில் எண்ணெய் போனாலும் மற்றது பிடிக்கும். பழைய சிலிண்டர் டிறம் பிறேக்குக்கானது. காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ஒரு வால்வு அதில் இருக்கிறது. முன் சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக்கான டிஸ்க் போட்டபின் அதை விட்டுவைத்தால், தட்டைக் கவ்வும் பாட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

2024 பெப்ரவரி 25

பழைய வண்டிச் சாமான் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்து மொறிஸ் மரினா காரின் முன் டிஸ்க் தொகுதி ஒரு சோடி எடுத்தேன். மைனர் நின்றுபோன 1971இல்தான் மரினா வந்தது, ஆனால் அதன் முன்பக்கம் மைனரின் வழி வந்தது. அதே முறுக்குத் தண்டு, சில்லைத் தாங்கும் அதே மாதிரியான அடிக்கால். லேத்காரர் அரை நாளில் பொருத்தித் தந்துவிட்டார்.

கஷ்டம் குலுக்கலை அடக்கும் சொக் அப்சோபரில். மைனரில் அது ஒரு கை. எண்ணெய் நிரம்பிய பெட்டியிலிருந்து வெளியே நீளும் அந்தக் கையே சில்லின் மேல் இணைப்பும்கூட. கழற்றி எறிந்தால் சில்லைப் பிடிக்க மேலே எதுவும் இருக்காது. அதனால் அதை வெறும் இணைப்பாக மட்டும் விட்டு, பக்கத்தில் குழாய் வடிவப் புதுச் சொக் அப்சோபர் பூட்டினோம்.

கீழே, சில்லு திரும்பும் அச்சான கிங்பின் திருகியிருக்கும் ட்ரன்னியன் என்ற புரி மூட்டைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இடப்பக்கத்தில் புரி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அதில் கிறீஸ் வற்றினால் ஒருநாள் சில்லு அப்படியே மடிந்து சாய்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும், ஆனால் ஆனையிறவுப் பாதையில் நடக்காது என்று யார் சொல்வது? மைனர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்தக் கிறீஸை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2024 மார்ச் 17

எஞ்சினை இறக்கினோம். அப்பா கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. இந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குக் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கிவிடும், அடிக்கடி மாற்ற எண்ணெயும் கிடையாது. ஒஸ்ரின், மைனர் எல்லாம் அந்த ஐந்து வருடமும் அப்படித்தான் ஓடின.

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஊரே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது இதற்குள் ஒன்பது பேர். நாவற்குழிப் பாலம் வரை ஓடியதைவிடத் தள்ளியதுதான் அதிகம் என்றார் அப்பா. அப்புறம் நெடுநேரம் பேசவில்லை. எஞ்சினை நான் விற்கப் போவதில்லை. கழுவி, எண்ணெய் ஊற்றி, படங்கு போர்த்தி விறாந்தையில் வைத்திருக்கிறோம்.

2024 ஏப்ரல் 28

புது எஞ்சின் டட்சன் சனி காரின் ஏ12. 1,171 சிசி, 68 குதிரைவலு. பழையதைப் போலவே தள்ளுதடியால் வால்வைத் திறக்கும் எஞ்சின்தான். ஆனால் உள்ளே சுழலும் கிறாங்குத் தண்டைப் பழையது மூன்று இடத்தில் தாங்கும், இது ஐந்து இடத்தில் தாங்கும். எஞ்சின் தலை அலுமினியம், அதனால் முன்பாரம் கூடவில்லை, முறுக்குத் தண்டுகளை மாற்றத் தேவையில்லை. எஞ்சின் அறையில் இடம் தாராளம். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இந்த வண்டிக்கு முதலில் நினைத்தது படுத்த வாக்கில் அகலமான நாலு சிலிண்டர் எஞ்சின். அது கைகூடாமல் பழைய எஞ்சினோடுதான் 1948இல் மைனர் வெளியே வந்தது. என்னைக் கேட்டால், மைனரின் அடிப்பகுதிக்கு ஈடான எஞ்சின் அதற்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. இன்றைய வேலையில் எனக்குக் குற்றவுணர்வு இல்லாததற்கு அதுதான் காரணம்.

ஐந்து கியர் பொக்ஸ்தான் சோதித்தது. நல்லது என்று சொல்லி விற்றார்கள், பிரித்துப் பார்த்தால் மூன்றாம் கியரை உரசாமல் விழவைக்கும் பித்தளை வளையம் வழவழத்துப் போயிருந்தது. மூன்று கிழமை வீண். கியர் பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் போல்ட்டில் நிற்பதால் வெட்டாமல் புதிது செய்தோம். தளத்தில் மட்டும் ஒரு கையளவு வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய தகட்டையும் பெட்டிக்குள் போட்டேன்.

2024 ஜூன் 9

பின்பக்கம் சுலபம். பிந்திய 1,098 சிசி மைனரின் 4.22 விகித டிபறென்சல், அதாவது பின் சில்லுகளைச் சுழற்றும் பற்சக்கரத் தொகுதி, பழைய அச்சுக்குள் அப்படியே இறங்கியது. முன்பிருந்தது 4.55. விகிதம் குறைந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும். தட்டு ஸ்பிறிங் முறுகாமலிருக்க இரண்டு பக்கமும் இழுதடி. எஞ்சின் இலக்கத்தை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

2024 ஜூலை 6

வயர் வேலை. மைனரில் பற்றறியின் நேர்முனைதான் வண்டியின் உடற்தகட்டில் பூட்டியிருக்கும். பற்றறியைச் சார்ஜ் பண்ணும் புது அல்ரனேற்றருக்காக அதைத் திருப்பினோம்.

பெற்றோல் பம்பில் அப்பாவுக்கும் அண்ணைக்கும் வாக்குவாதம். ஏ12இல் எஞ்சினே ஓட்டும் பம்ப் உண்டு, பழைய எஸ்யூ மின்பம்ப் எதற்கு என்றார் அண்ணை. சாவியைத் திருப்பினால் எஸ்யூ டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்கும். அப்பா அறுபது வருடமாக அந்தச் சத்தம் நிற்கும் வரை பொறுத்துத்தான் ஸ்ரார்ட் பண்ணுவார். எஞ்சின் பம்பின் துளையைத் தகட்டால் மூடி, எஸ்யூவையே வைத்துக்கொண்டோம்.

2024 ஓகஸ்ட் 3

பதிவுப் புத்தகம் கைக்கு வந்தது. விடிய ஐந்தரைக்குக் கிளிநொச்சிக்குக் கிளம்பினோம். ஐந்தாம் கியரில் 80இல் எஞ்சின் சுமார் 2,500 சுற்றில் அமைதியாக ஓடியது. அப்பாவோடு குரல் உயர்த்தாமல் பேச முடிந்தது. பரந்தனில் மாடு ஒன்று குறுக்கே வந்தது, வண்டி நேராக நின்றது. அப்பா டாஷ்போர்ட்டில் கை வைத்தபடி, "நிண்டிட்டுது தம்பி" என்றார்.

90ஐத் தாண்டினால் தளத்தில் ஒரு நடுக்கம். கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புறொப்பெல்லர் தண்டின் சரிவு சரியில்லை என்று நினைக்கிறேன். பின் அச்சுக்கும் ஸ்பிறிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து இரண்டு பாகை திருப்பிப் பார்க்க வேண்டும். அண்ணை செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மாமிக்கு அடுத்த ஞாயிறு என்று அப்பா தொலைபேசியில் சொல்லிவிட்டார்.