ஆந்தைக் காசுக்கு எதற்கு மதிப்பெண்

லண்டனில் ஒரு நாணய ஏல நிறுவனத்தில் விவரப் பட்டியல் எழுதுவது என் வேலை. மேசைக்கு அதிகம் வருபவை ஏதென்ஸின் ஆந்தைக் காசுகள்: கி.மு. 5ஆம் நூற்றாண்டு டெட்ராட்ராக்ம் (நான்கு டிராக்மா காசு), சுமார் 17.2 கிராம் வெள்ளி, முன்புறம் தலைக்கவசத்தோடு அதீனா, பின்புறம் ஆந்தையும் ஒலிவக் கிளையும். இப்போது பலவும், தரம் இடும் நிறுவனங்கள் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வருகின்றன. கூடவே ஒரு சீட்டு: தேய்மானத்துக்கு ஒரு தரம், அச்சடிப்புக்கும் மேற்பரப்புக்கும் ஐந்துக்கு இத்தனை.

எனக்கு இந்த மதிப்பெண்களில் நம்பிக்கை இல்லை. ஏதென்ஸில் சுத்தியலால் அடித்தார்கள். உருவம் செதுக்கிய அச்சைவிட, அடிக்கப்படும் வெள்ளி வில்லை சிறியதாக இருந்ததால், பெரும்பாலான காசுகளில் தலைக்கவசத்தின் கொண்டை முழுதாக விழுவதில்லை. முழுக் கொண்டை இருந்தால் விலையே வேறு. அந்தக் கொண்டையையும் முகத்தின் கூர்மையையும் அச்சின் தேய்வையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் எது நன்றாக இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் மேற்பரப்பு மதிப்பெண்: மண்ணிலிருந்து வந்த வெள்ளி ஏறக்குறைய எல்லாமே எப்போதோ சுத்தம் செய்யப்பட்டதுதான்.

வெட்டுத் தழும்புக்கு மதிப்பெண் குறைப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்திலேயே உளியால் வெட்டிப் பார்த்தார்கள். கி.மு. 375/4இல் ஏதென்ஸில் நிகோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டத்தின் கல்வெட்டு 1970இல் அந்நகரின் பழைய சந்தைவெளியான அகோராவில் கிடைத்தது. அதன்படி, அரசு அடிமையான சோதகர் ஒருவர் பணமாற்று மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து காசுகளைச் சோதிக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் உடனே குறுக்கே வெட்டி, தேவர்களின் தாய் என்ற தெய்வத்துக்கு உரியதாக்கிவிட வேண்டும். சோதகர் நல்லது என்று ஏற்ற காசை ஒரு வியாபாரி வாங்க மறுத்தால் அன்றைக்கு அந்த வியாபாரி விற்க வைத்திருக்கும் சரக்கு பறிமுதல். சோதகர் தன் இடத்தில் உட்காராவிட்டாலோ, சட்டப்படி சோதிக்காவிட்டாலோ அவருக்கு 50 சவுக்கடி. தண்டனை கொடியதுதான். ஆனால் தீர்ப்புச் சொன்னவருக்குப் பொறுப்பு இருந்தது. இன்று காசுகளுக்குத் தரம் இடும் நிறுவனங்களில் பெரிய பெயரான என்ஜிசி, உண்மையானது என்று தான் நம்பும் பழங்காசுகளுக்கு மட்டுமே தரம் இடுகிறது. ஆனால் அது அசல்தான் என்று உத்தரவாதம் தருவதில்லை. வாங்குபவர்களில் பலர் அந்த விதியைப் படிப்பதே இல்லை.

போலி செய்வது புதிய தொழிலும் இல்லை. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) கிரேக்க, ரோமானியக் காசுகளுக்குத் தானே அச்சு செதுக்கி அடித்தார். சந்தேகம் வந்தால் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும், தெரிந்த அச்சுகளோடு ஒப்பிட வேண்டும். மூடிய பெட்டியில் எடை போட முடியாது, விளிம்பும் சரியாகத் தெரியாது.

பெட்டியில் வரும் காசுக்கும் நான் சீட்டைப் பார்த்து எழுதுவதில்லை. பழைய ஏலப் பட்டியல்களின் படங்களில் அதே காசைத் தேடுகிறேன். கையால் அடித்ததால் ஒவ்வொன்றின் வெளிவடிவமும் விளிம்பு வெடிப்பும் வேறு, பொருத்திப் பார்க்கலாம். பண்பாட்டுப் பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முந்தைய படம் ஒன்று அகப்பட்டால், அந்தப் பட்டியலையும் பக்க எண்ணையும் விவரத்தின் முதல் வரியில் போடுகிறேன். மதிப்பெண் கடைசி வரிக்குப் போகிறது.