சீன விமானத்தைக் குத்தகைக்கு எடுப்போர் முதலில் கேட்க வேண்டிய சீட்டு

தென்கிழக்காசியாவில் நான் பணிபுரியும் விமான நிறுவனம், சீனாவின் கோமாக் தயாரிக்கும் சி909 விமானத்தை, அதாவது 2024 வரை ஏஆர்ஜே21 என்று அறியப்பட்டதை, குத்தகைக்கு எடுத்தபோது பராமரிப்பு ஆவணங்கள் என் பொறுப்பில் வந்தன. பதிவும் காப்பீடும் பெரிய சிக்கலின்றி முடிந்தன. எங்களை அலைக்கழித்தது, விமானத்தில் பொருத்தத் தகுந்தவை என்று காட்ட உதிரிபாகங்களோடு வரும் சான்றுச் சீட்டுதான்.

இவ்விமானத்தின் என்ஜின் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சிஎஃப்34; விமானியறை மின்னணுக் கருவிகள் ராக்வெல் காலின்ஸ் நிறுவனத்தவை. இவற்றின் பாகங்கள் அமெரிக்காவின் 8130-3 சான்றோடோ ஐரோப்பாவின் ஃபார்ம் 1 சான்றோடோ வருவதால் எங்கள் உதிரிபாகக் கிடங்கான ஸ்டோர்ஸில் தடையின்றி ஏற்கப்படுகின்றன. சீனாவிலேயே செய்யப்படும் பாகங்களோ அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஏஏசி-038 சீட்டோடு வருகின்றன. எங்கள் நாட்டு விதிமுறைப் பட்டியலில் அந்தப் படிவமே இல்லை. ஒரு கதவுப் பாகம் கைக்கு வந்துவிட்ட பிறகும், பொருத்த அனுமதியில்லாமல் விமானம் தரையில் நின்றதைப் பார்ப்பது எனக்கு மிகுந்த வேதனையளித்தது.

அசல் சீட்டோடு தலைநகரிலுள்ள எங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போனேன். பட்டியலில் இல்லாததை ஏற்க இயலாது என்று கூறிய அலுவலர், விமான வகையை அங்கீகரித்த பிரிவுக்கு என்னை அனுப்பினார். அங்கிருந்தவரோ, தாங்கள் அங்கீகரித்தது விமானத்தை மட்டுமே என்றும், பாகங்கள் முந்தைய பிரிவின் பொறுப்பு என்றும் சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். விமானத்தை ஏற்றுக்கொண்ட அரசு அதன் கதவுப் பாகத்தை ஏற்க மறுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

கடைசியில் வழி திறந்தது எழுத்து மூலமான விண்ணப்பத்தால்தான். தயாரிப்பாளரின் உற்பத்திச் சான்றிதழின் நகல், ஏஏசி-038 படிவத்தின் ஆங்கில விளக்கம், பாகங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பாக இரு பிரிவுகளுக்கும் ஒருசேர அனுப்பினோம். இந்த வகை விமானத்துக்கு மட்டும் அச்சீட்டை ஏற்கலாம் என்ற கடிதம் வந்தது. அதை வாங்கிய அன்று எங்கள் ஸ்டோர்ஸ் முழுவதும் மகிழ்ச்சி.

ஆகவே, விமான வகையை ஏற்று உங்கள் நாட்டு ஆணையம் தரும் அங்கீகாரக் கடிதத்தில் 'பாகங்களும்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் குத்தகையில் கையெழுத்திட வேண்டாம். 2025 ஏப்ரலில் வியட்நாமின் வியட்ஜெட் நிறுவனம் செய்ததுபோல, சீனாவின் செங்டு ஏர்லைன்ஸிடமிருந்து விமானத்தைப் பணிக்குழுவோடு சேர்த்தே எடுத்தால், பராமரிப்புச் சுமையின் பெரும்பகுதி உரிமையாளரிடமே தங்கிவிடும்.

கோமாக்கின் பெரிய விமானமான சி919ஐ வாங்க நினைப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதற்குச் சீன வகைச் சான்றிதழ் 2022 செப்டம்பரில் கிடைத்தது. ஐரோப்பியச் சான்றிதழுக்கு 3 முதல் 6 ஆண்டுகள் ஆகலாம் என்று அங்குள்ள ஆணையத்தின் தலைவர் 2025இல் கூறினார். எங்களுடையதைப் போன்ற சிறிய ஆணையங்கள் அமெரிக்க, ஐரோப்பிய முடிவுகளைச் சார்ந்தே நடப்பதால், அதுவரை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே போராட வேண்டியிருக்கும். எங்களுக்குக் கிடைத்த கடிதமும் சி909க்கு மட்டுமே செல்லும்.