80 இல்லை, 82

போன மாதம் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் திரும்பி வரும்போது, முறிகண்டிக்குக் கிட்ட பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் எங்கள் ஹைபிரிட் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே பின் சீற் பக்கம் ஒரு முனகல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ரோட்டுச் சத்தமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் ஒரு கராஜில் ஸ்கானர் காட்டிய கோட்டை, அதாவது பிழைக் குறியீட்டைப் பார்த்த கையோடு, ஹைபிரிட் பற்றரியே மாற்ற வேண்டும் என்றார்கள். லட்சக்கணக்கில் செலவு. அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி ஹைபிரிட் வேலை செய்கிறார். அவருடைய ஸ்கானரிலும் அதே கோட்தான்: பி0ஏ82.

"அண்ணை, 80 எண்டால்தான் பற்றரி. இது 82. பற்றரியைக் குளிராக்கிற ஃபான் ஒழுங்காச் சுத்தேல்லை. 80 வந்தாலும் நான் முதல்ல ஃபானைத்தான் பாப்பன்."

காரணத்தையும் சொன்னார். இந்த வகைக் கார்களில் பற்றரி மூச்சு விடுவது நாங்கள் இருக்கும் இடத்துக் காற்றைத்தான். பின் சீற் அருகில் உள்ள துவாரத்தால் ஃபான் அதை உள்ளே இழுக்கிறது. டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸில் பற்றரிக்குள் 28 மொட்யூல்கள், அதாவது சின்னப் பற்றரித் துண்டுகள், தொடராக இருக்கின்றன, மொத்தம் 201.6 வோல்ட். காற்றுப் போகாவிட்டால் நடுவில் உள்ளவை கூடச் சூடாகும், அவைதான் முதலில் பழுதாகும்.

ஸ்கானரில் இருந்தே ஃபானை ஒன்று முதல் ஆறு வரை வேகம் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றிலும் இரண்டிலும் அசைவே இல்லை. ஆறில் முனகிக்கொண்டு சுற்றியது. துவாரத்தில் ஒரு ரிஷூவைப் பிடித்தார், அது ஒட்டவில்லை. ஃபானுக்கு மின்சாரம் சரியாக வருகிறதா என்று மீற்றர் வைத்தும் பார்த்தார். வருகிறது. அப்போ வயரில் பிழை இல்லை.

அதன் பிறகுதான் கழற்றினார். 12 வோல்ட் பற்றரியைத் துண்டித்து, கையுறை போட்டு, ஹைபிரிட் பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை இழுத்துப் பத்து நிமிடம் காத்திருந்தார். உயர் மின்னழுத்தம் போகும் செம்மஞ்சள் வயர் ஒன்றையும் தொடவில்லை. தெரியாதவர்கள் இந்த இடத்துக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

ஃபானின் இதழ்களுக்கு இடையில் செம்மண் புழுதியும் எங்கள் நாயின் முடியும் கம்பளி போல இறுகிக் கிடந்தன. எட்டு வருடமாக அவள் பின் சீற்றில்தான் வருகிறாள். போதாததற்கு, அவள் சாய்ந்து படுக்க நான் வைத்த தலையணை அந்தத் துவாரத்தையே மூடியிருந்திருக்கிறது.

தூரிகையாலும் காற்றாலும் சுத்தம் செய்ய ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. திரும்பப் பூட்டி ஓட்டியபோது ஒன்றாம் வேகத்திலேயே சத்தமில்லாமல் சுற்றியது. ரிஷூ பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

போன ஞாயிறு வவுனியா வரை போய் வந்தோம். முன்பு 52 பாகை காட்டிய பற்றரி 41ஐத் தாண்டவில்லை. தலையணையை இப்போது மற்றப் பக்கம் வைத்திருக்கிறேன்.