பயிர் நிலத்துக்குள் தீவன மரமும் ஆடும்: தினம் 20 செடி கணக்கு

ஒரு ஏக்கரை ஏறத்தாழ 60 மீட்டர் சதுரமாக வைத்துக்கொண்டால், 6 மீட்டர் இடைவெளியில் சூபாபுல் என்ற தீவன மரம் பத்து வரிசை வரும். வரிசைக்குள் அரை மீட்டருக்கு ஒரு கன்று, மொத்தம் 1,200. இந்த எண்ணை நாங்கள் ஆட்டின் வயிற்றிலிருந்துதான் தொடங்கினோம். 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு, ஈரம் நீக்கிப் பார்த்தால், நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தீவனம் வேண்டும். அதில் சூபாபுல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பச்சைத் தழையாக அது 1.3 கிலோ. பத்து ஆட்டுக்கு 13 கிலோ. தினம் 20 செடி வெட்டினால் 60 நாள் கழித்து முதல் செடிக்குத் திரும்பி வருகிறோம். செடிக்கு முக்கால் கிலோ தழை கிடைத்தாலே போதும்.

மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்புக்குக் காரணம் அந்தத் தழையிலுள்ள மிமோசின் என்ற நச்சு. அளவு மீறித் தொடர்ந்து கொடுத்தால் முடி கொட்டும், எச்சில் வடியும், தைராய்டு வீங்கும். முதல் நாள் 200 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அசைபோடாத குதிரை, பன்றி, முயலுக்கு இன்னும் கவனம் தேவை.

விதையின் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் முளைப்பு ஒன்றுபோல வரும். நட்ட முதல் மூன்று மாதம்தான் பலரும் கோட்டை விடும் இடம். சூபாபுல் அந்தப் பருவத்தில் மிக மெதுவாக வளரும். களை மூடினால் அப்படியே நின்றுவிடும். வரிசையின் இரு பக்கமும் அரை மீட்டர் அகலத்துக்குக் களை இல்லாமல் வைத்திருந்தால் பிழைக்கும்.

அடுத்த ஆபத்து அவசரம். தழை கண்ணில் பட்டதும் அரிவாள் எடுக்கத் தோன்றும். செடி ஆள் உயரம் தாண்டி, அடித்தண்டு கட்டைவிரல் பருமன் வந்த பிறகே முதல் வெட்டு, அதுவும் தரையிலிருந்து 75 சென்டிமீட்டருக்கு மேல். அதற்கு முன் வெட்டினால் வேர் ஆழம் போகாது, கோடையில் கட்டை காய்ந்துவிடும். அதுவரை ஆட்டை உள்ளே விடவே கூடாது. ஒருமுறை பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டால் அதற்கு மேலே உள்ள பகுதி போய்விடும்.

வரப்பில் கிளைரிசிடியா என்ற இன்னொரு தீவன மரம். மீட்டருக்கு ஒன்றாக 240 போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு): ஒன்றரை மீட்டர் நீளம், 3 முதல் 4 சென்டிமீட்டர் பருமன், அடிப்பக்கம் சாய்வு வெட்டு, ஓர் அடி ஆழம். தழையை முந்தின நாளே வெட்டி வாட வைத்துப் போட்டால், வாடைக்கு முகம் திருப்பும் ஆடும் தின்னப் பழகும்.

நாளுக்கு 20 என்ற கணக்கு இரண்டு இடத்தில் உடையும். ஒன்று, விதைப்பு. சோளம், எள் போன்றவை நிழல் தாங்காது. விதைப்பதற்கு முன் பத்து வரிசையையும் மொத்தமாக வெட்டியாக வேண்டும். மிஞ்சும் தழையை நிழலில் உலர்த்தி, இலை உதிராமல் சாக்கில் கட்டி வைக்கலாம். மற்றொன்று, கோடை. மறுதுளிர்ப்புக்கு 90 நாள் ஆகும், எனவே நாளைக்கு 13 செடிதான் கிடைக்கும். அந்தப் பள்ளத்தை உலர்த்திய தழையும் கிளைரிசிடியாவும் பயறு, கடலைக் கொடியும் நிரப்பும். அகத்தியை நம்பி இப்படி மொட்டையடிக்காதீர்கள். நுனியை விட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் ஒடித்தால்தான் அது தாங்கும்.

மூன்றாம் ஆண்டு வாக்கில் வரிசையை ஒட்டிய பயிர் குட்டையாகும். நிழல் என்று நினைத்து இன்னும் தாழ்வாக வெட்டுவார்கள். பெரும்பாலும் வேர்தான் காரணம். வரிசையிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்துக்குச் சால் பறித்துப் பக்கவேரை அறுக்க வேண்டும். இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம். மழை குறைவான நிலத்தில் 6 மீட்டர் இடைவெளியே நெருக்கம். 8 மீட்டர் விட்டு, மரத்தையும் ஆட்டையும் அதற்கேற்பக் குறைப்பது நல்லது.

தழை கொட்டிலுக்குப் போகும்போது அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடவே போகின்றன. எருவை விற்றுவிட்டு, மரம் மண்ணை வளப்படுத்தும் என்று காத்திருப்பது வீண். கொட்டிலில் மிஞ்சும் குச்சியும் புழுக்கையும் சிறுநீர் ஊறிய குப்பையும் அதே வரிசைகளுக்கு நடுவே திரும்ப விழ வேண்டும். காய் முற்றும் முன் வெட்டிவிடுங்கள். உதிர்ந்த சூபாபுல் விதை அடுத்த பருவத்தில் பயிருக்குள் களையாக முளைக்கும், ஆழ வேர்விட்டபின் கையால் பிடுங்க வராது.