குரலை எடுத்தால் குழலும் போகிறது

நான் பாட நினைத்த பாட்டுக்கு நல்ல கரோக்கி கிடைக்கவில்லை. கிடைத்தவை யாரோ கீபோர்டில் மறுபடி வாசித்தவை. தாளமெல்லாம் சரிதான், ஆனால் அந்தப் பாட்டுக்கு உயிரே புல்லாங்குழல், அது அவற்றில் இல்லை. அசல் பதிவிலிருந்தே குரலை எடுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் ஆடாசிட்டி, ஒலிக்கோப்புகளை வெட்டி ஒட்டித் திருத்தும் இலவச மென்பொருள். ஸ்டீரியோ பாட்டில் முதன்மைக் குரலைப் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள், அதாவது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரண்டுக்கும் பொதுவானது அடிபட்டுப் போகும். ஆனால் பேஸும் கிக் டிரம்மும்கூட நடுவில்தான் இருக்கும், அவையும் சேர்ந்தே போய்விடும். குரலின் எதிரொலியோ இரண்டு பக்கமும் வேறு வேறாகப் பரவியிருப்பதால் போவதில்லை. தூரத்தில் யாரோ பாடுவதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய மோனோ பதிவுகளுக்கு இந்த வழி சுத்தமாக உதவாது. இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழித்தால் மிஞ்சுவது மௌனம்தான்.

அப்புறம் ஏஐ வழி. 2019இல் டீசர் என்ற இசை ஸ்ட்ரீமிங் நிறுவனம், பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. மெட்டாவின் டெமக்ஸ் ஒரு பாட்டை குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். குரல் எப்படி ஒலிக்கும் என்று பழகி வைத்திருப்பதால் மோனோ பதிவிலும் இவை வேலை செய்யும். நான் பயன்படுத்தியது அல்டிமேட் வோக்கல் ரிமூவர். இலவசம், நம் கணினியிலேயே ஓடும், டெமக்ஸ் உட்படப் பல மாடல்கள் அதில் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

குரல் அருமையாகப் போனது. ஆனால் இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல் ஒரு நீண்ட சுரத்தைத் தொடங்கி, வளைந்து மேலே போகும்போது பாதியில் அமுங்கியது. சட்டென்று திரும்பி வந்தது. பிரித்தெடுத்த குரல் கோப்பைத் தனியாகக் கேட்டால், காணாமல் போன பாதி அங்கே இருக்கிறது! கமகத்தோடு வாசிக்கும் குழலை மாடல் மனிதக் குரல் என்றே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு வழி உண்டு. அசல், குரல் நீக்கிய இசை, பிரித்த குரல் மூன்றையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். இடையிசையில் பாடகரே இல்லை, அங்கே பிரித்த இசை எதற்கு? அந்த இடங்களில் அசலையே வெட்டி வைத்தேன். ஒட்டு தெரியாமலிருக்கத் தாளத்தின் அடி விழும் இடத்தில் வெட்டி, சின்னதாக ஒரு கிராஸ்ஃபேட், அதாவது ஒன்று மெல்லத் தேய மற்றது மெல்ல எழும்படி. சரணத்தில் வரிகளுக்கு நடுவே குழல் பதில் சொல்லும் இடங்களில், குரல் கோப்பிலிருந்து அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்து இசையோடு சேர்த்தேன். இசையும் குரலும் கூடினால் கிட்டத்தட்ட அசல்தான் என்பதால் குழல் முழுசாகத் திரும்பிவிடுகிறது. ஒன்றே ஒன்று: கோப்புகள் இம்மிகூட நகரக்கூடாது. எம்பி3 ஆக்கினால் தொடக்கத்தில் சின்ன இடைவெளி சேர்ந்துவிடும், அதனால் எல்லாவற்றையும் வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கோரஸ் வேண்டும் என்பவர்களுக்கு, முதன்மைக் குரலை மட்டும் எடுக்கும் கரோக்கி மாடல்கள் தனியாக உள்ளன.

சுருதியைக் குறைப்பதானால் பிரித்த பிறகு குறைப்பதே நல்லது. டிரம்ஸை அப்படியே விட்டுவிட்டு மற்றதை மட்டும் இறக்கினால் அடிகள் தெளிவாக இருக்கும். தபலா அப்படியல்ல, அது சுருதி சேர்த்து வாசிப்பது. அதையும் சேர்த்தே இறக்க வேண்டும்.

கடைசியில் அங்கங்கே 'ஸ', 'ச' ஒலிகளின் தேய்ந்த சத்தம் மிஞ்சியது. மேலே நாம் பாடும்போது அது கேட்பதில்லை. பாடிப் பழக இது தாராளமாகப் போதும். பொதுவில் வெளியிடுவதானால், குரல் போனாலும் அந்தப் பதிவும் மெட்டும் உரிமையாளர்களுடையவைதான், அனுமதி வாங்க வேண்டும்.