ராஜாஜி என்பவர்

"ஏ ரைட்டர் நேம்ட் ராஜாஜி." தங்கை மகள் எழுதி அனுப்பிய ஆங்கில அறிமுகம் இப்படித்தான் தொடங்கியது. கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறாள். டிசம்பர் 10 ராஜாஜியின் பிறந்த நாள், அன்றைக்கு மேடையில் மைக் பிடிக்கப் போகிறவள் அவள்தான்.

இலக்கணப்படி அதில் தப்பே இல்லை. ஆனால் கேட்பவருக்கு ஆளையே தெரியாது என்று நினைக்கும்போதுதான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். போலீஸ் எஃப்.ஐ.ஆரில் "ராஜாஜி என்பவர்" என்று எழுதுவது மாதிரி! ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவரை இந்த மாவட்டத்திலேயே அப்படி அறிமுகப்படுத்தலாமா?

"ஏ" போய் "தி" வரட்டும் என்றேன். "தி ரைட்டர் ராஜாஜி". உங்களுக்குத் தெரிந்த அந்த எழுத்தாளர்தான் என்ற தொனி வந்துவிடும். நடுவில் கமா வேண்டாம். போட்டால் உலகத்தில் எழுத்தாளர் என்று இருப்பவரே அவர் ஒருவர்தான் என்று ஆகிவிடும். மேடையில் கமா யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். மூச்சு விட்டு நிறுத்தினால் அதுதானே கமா. புத்தகத்துக்கும் இதே கதைதான். "ஹிஸ் புக் சக்கரவர்த்தித் திருமகன்" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். 1958-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய புத்தகம், ஆனால் அவர் எழுதியது அது ஒன்று மட்டும் இல்லையே.

"தி"யும் இல்லாமல் வெறும் "ரைட்டர் ராஜாஜி" என்பது பத்திரிகை நடை. அமெரிக்காவில் டைம் பத்திரிகை பரப்பிவிட்ட பழக்கம் அது. "எழுத்தாளர் ராஜாஜி" என்றே பேசுகிற நமக்கு இதுதான் முதலில் வாயில் வரும். எனக்கு அது பிடிப்பதில்லை. நம் ஊரில் ரைட்டர் என்றால் ஸ்டேஷன் ரைட்டர்தானே!

"மிஸ்டர் ராஜாஜி"யையும் அடித்துவிட்டேன். "ஜி"யிலேயே மரியாதை இருக்கிறது.

அப்புறம் இனிஷியல். சி. ராஜகோபாலாச்சாரி என்பதில் "சி" சக்கரவர்த்தி, அப்பா பெயர். இரண்டாம் தடவை சொல்லும்போது ஆங்கிலத்தில் கடைசிப் பெயரை மட்டும் சொல்வார்கள். நம் பழக்கத்தில் அப்பா பெயர் முன்னால் வருவதால் அதில் சிக்கல் இல்லை. பெருமாள்முருகனை வெளிநாட்டில் "முருகன்" என்று குறிப்பிட்டாலும் அது அவர் பெயர்தான், பெருமாள் அவருடைய அப்பா. ஆனால் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டு, அதையே பின்னால் ஒட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. அவர்களை அங்கே கூப்பிட்டால் அப்பாதான் திரும்பிப் பார்க்க வேண்டும். எழுதுகிற பிள்ளைகள் முதல் புத்தகம் வருவதற்குள் தங்கள் பெயர் ஆங்கில அட்டையில் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.